செவ்வாய்க்குப் போகும் பாராசூட்டில் அறுந்த தையல்

1

கேக் தின்பதற்குக் குடியுரிமை தேவையில்லை என்பதைப் போன மாதம் தெரிந்துகொண்டேன். கேக் வைத்திருந்த கூடாரத்துக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம். எதிரே இருந்த பெரிய கூடத்துக்குள்தான் நான் போகக்கூடாது.

விஷயம் இதுதான். அமெரிக்கக் கலம் ஒன்று 1976இல் செவ்வாய்க் கிரகத்தில் முதன்முதலாகப் பத்திரமாகத் தரை இறங்கி இந்த ஜூலையோடு பத்து வருடம். அதை இறக்கிய பாராசூட்டின் சில பாகங்களை எங்கள் கம்பெனி தைத்துக் கொடுத்திருந்தது. அதைக் கொண்டாட ஒரு சனிக்கிழமை எல்லோரும் குடும்பத்தோடு வாருங்கள் என்றார்கள். போனோம். நான், என் மனைவி சரோஜா, இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் மகள் வளர்மதி.

நான் ஆரணிக்காரன். இங்கே வந்து பன்னிரண்டு வருடமாகிறது. பாராசூட் விரிகிற நேரத்தில் அதன் ஒவ்வொரு கயிற்றின் மேலும் எவ்வளவு இழுப்பு விழும் என்று கணக்குப் போடுவது என் வேலை. இப்போது எங்கள் கம்பெனி பழையதைவிட மிகப் பெரிய பாராசூட் ஒன்றைத் தைத்திருக்கிறது. முன்பு இறங்கிய கலம் ஒரு ஜோடி எருமைக் கனம் என்றால், இனி இறக்க நினைப்பது மூட்டை ஏற்றிய இரட்டை மாட்டு வண்டியின் கனம். அந்தப் பெரிய பாராசூட்டைத்தான் அன்றைக்குக் கூடத்தின் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். மறுவாரம் அதை மடித்துக் கட்டி, விமானத்தில் உயரே கொண்டுபோய், கனத்தோடு கீழே போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு.

அந்தக் கூடத்தில் மற்ற நாட்களில் ராணுவ வேலையும் நடக்கும். அதனால் இந்த நாட்டுக் குடிமக்கள் தவிர வேறு யாரும் உள்ளே போகக்கூடாது என்று விதி. சரோஜா இரண்டு வருடத்துக்கு முன்பே குடியுரிமை வாங்கிவிட்டாள். வளர்மதிக்குப் பிறவியிலேயே உண்டு. எனக்குத்தான் இல்லை. அந்தப் பாராசூட்டின் ஒவ்வொரு கயிற்றையும் எனக்குக் காகிதத்தில் தெரியும். கண்ணால் பார்த்ததில்லை. வாசலில் நின்ற காவலாளி என் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தார்.

"நீங்கள் இங்கேயே இருங்கள், குப்புசாமி" என்றார்.

குப்புசாமி என்பது என் அப்பா. என் பெயர் ஏகாம்பரம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் இருப்பதால் இங்கே எல்லோருக்கும் நான் குப்புசாமி. அவசரமென்றால் குப்பு. ஐம்பது வருடம் குடித்தனம் நடத்திய என் அம்மா வாய்விட்டுச் சொல்லாத பெயரை, மீசை முளைக்காத பையன்கள் எல்லாம் கூப்பிட்டுப் பென்சில் கடன் கேட்கிறார்கள். இதற்கே எனக்கு ரத்தம் கொதிக்கும். அன்றைக்கு, நான் கணக்குப் போட்டுக் கொடுத்த பொருளைப் பார்க்க என் மகள் உள்ளே போக, அவள் குடித்துவிட்டு வைத்த பழச்சாற்றுக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நான் வெளியே நின்றேன். கேக்கையும் அந்தப் பாராசூட் மாதிரியே செய்திருந்தார்கள். பார்க்க விடாதவர்கள் தின்ன விட்டார்கள்.

2

ஊரில் என் அண்ணன் முருகேசனுக்கு என் வேலை இன்றுவரை புரியவில்லை. அண்ணன் ஆரணிக்குப் பக்கத்தில் சேவூரில் தறி வைத்திருக்கிறார். போன வருடக் கோடை விடுமுறைக்குப் போயிருந்தபோது நாலு பேர் முன்னால் கேட்டார்.

"ஏம்பா, குடை தெக்கிற வேலைக்கா அமெரிக்கா போன? பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் குந்திகினு தெச்சிகினுதான் இருக்கறான்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு எரிச்சலோடு விளக்கினேன். சந்திரனில் காற்றே கிடையாது, அங்கே பாராசூட்டுக்கு வேலையில்லை. நம் பூமியில் காற்று தாராளம், கட்டிலைக்கூட இறக்கலாம். செவ்வாய் இரண்டுங்கெட்டான். அங்கே இருக்கிற காற்று நம்முடையதில் நூறில் ஒரு பங்குதான். வேகமாக வருகிற கலத்தைச் சுட்டுப் பொசுக்குவதற்கு அது போதும், தாங்கி இறக்குவதற்குப் போதாது. கனம் கூடக் கூட வேகத்தைக் குறைக்கக் கிடைக்கிற உயரம் குறைந்துகொண்டே போகும். பெரிய பாராசூட்டாகத் தைத்தால் தீர்ந்தது என்று சொல்வார்கள். பெரிதாகத் தைத்தால் அது விரிய நேரம் பிடிக்கும், விரிகிறபோது விழுகிற இழுப்பும் கூடும். அந்த இழுப்பில் ஒரு தையல் விட்டால் பக்கத்துத் தையல் தாங்காது. அது போனால் அடுத்தது. கண் மூடித் திறப்பதற்குள் துணி கந்தலாகிவிடும்.

அண்ணன் இதை முழுக்கக் கேட்டார்.

"அப்ப மழ பெய்யற கெரகமா பாத்து எறங்கக் கூடாதா? இங்க கமண்டல நாகநதியில மூணு வருசமா தண்ணி இல்ல. அங்க இன்னா கீதுன்னு பாக்கப் போறாங்களாம்."

ஊருக்குப் போனால் இது, இங்கே வந்தால் அது. இரண்டு பக்கமும் எனக்கு வாசல்தான்.

அந்தப் பயணத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. குடியுரிமை என்றாலே எனக்கு வெறுப்பு என்று நினைக்காதீர்கள். ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஒரு கூடத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். விண்ணப்பம் போட்டுப் பார்த்தேன். பள்ளிச் சான்றிதழில் கு. ஏகாம்பரம், பாஸ்போர்ட்டில் ஏகாம்பரம் குப்புசாமி. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று சொந்த ஊர் அதிகாரியிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். ஆரணி தாலுக்கா ஆபீசில் மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்தேன். நாலாம் நாள் குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க ஒரே ஆள்தான்னு நாங்க எப்படிங்க எழுதறது? ரெண்டு ஆளா இருந்தா ரெண்டு பேரையும் இட்டுகினு வாங்க, பாத்துட்டு எழுதறோம்."

அப்போது வந்த பேஜார் இன்னும் தீரவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

3

அந்த விடுமுறையில் நடந்த ஒன்றுதான் இந்தக் கதைக்கே காரணம். அதனால் அதையும் சொல்ல வேண்டும்.

வளர்மதிக்கு அப்போது பத்து வயது. தமிழ் புரியும், பேச வராது. இங்கே பள்ளியில் அவள் பெயரைச் சுருக்கி "வால்" என்று கூப்பிடுகிறார்கள். சேவூரில் அதைக் கேட்டு, "கரெக்டாதான் வெச்சிகிறாங்க" என்றார்கள். இட்லியைத் தொட மாட்டாள், மாட்டுச் சாணம் என்றால் மூக்கைப் பிடிப்பாள், எப்போது திரும்பப் போவோம் என்று சரோஜாவை அரித்தெடுப்பாள்.

ஒரு நாள் காலை அண்ணன் வீட்டுத் தெருவில் பாவு நீட்டினார்கள். புடவைக்கு நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்து நேராக்குவது. ஆயிரக்கணக்கான இழை. இந்த முனையில் இருவர், அந்த முனையில் இருவர், நடுவில் ஆங்காங்கே குச்சி கொடுத்துத் தாங்கிப் பிடிப்பவர்கள். அந்தத் தெருவில் இதற்கு ஒரு விதி உண்டு. இழை அறுந்திருப்பதை யார் பார்த்தாலும் உடனே "அந்துடுச்சி!" என்று குரல் கொடுக்க வேண்டும். பாவுக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. தெருவில் போகிற தபால்காரர், தயிர் விற்கிறவர், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை, யாராக இருந்தாலும் சரி. குரல் கேட்டால் இரண்டு முனையிலும் இழுப்பை நிறுத்திவிடுவார்கள். யார் சொன்னது, நீ யார் சொல்ல என்று கேட்கிற வழக்கமே கிடையாது. முதலில் நிறுத்து, பிறகு தேடு, முடிச்சுப் போடு.

ஊர்ப் பெருமை பாடுகிறேன் என்று எண்ண வேண்டாம். அதே தெருவில், கூலி வேலைக்குக் காலனியிலிருந்து வருகிறவர் அறுந்த இழையைச் சொன்னால் அத்தனை பேரும் நிற்பார்கள். அவரே தண்ணீர் கேட்டால் தனி டம்ளரில்தான் ஊற்றுவார்கள். அதை நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. இழை விஷயத்தில் மட்டுமாவது நியாயமாக இருந்தார்கள் என்று சொல்கிறேன்.

அன்றைக்கு வளர்மதி தெரு ஓரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு முறை யாரோ குரல் கொடுத்ததையும் எல்லோரும் நின்றதையும் பார்த்திருக்கிறாள். மூன்றாவது முறை கத்தியது அவள்.

"அந்துடுச்சி!"

எல்லோரும் நின்றார்கள். அண்ணன் குனிந்து தேடி, முனைகளைப் பிடித்து முடிச்சுப் போட்டார். அவளை யாரும் பாராட்டவில்லை, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலையைத் தொடர்ந்தார்கள். அவளுக்கு அதுதான் பிடித்துப்போயிற்று. பாவு சுருட்டும்வரை அங்கேயே நின்றாள். அந்தப் பயணத்தில் அவள் வாயாரச் சொன்ன தமிழ் வார்த்தை அது ஒன்றுதான்.

4

இப்போது மறுபடியும் போன மாதத்துக்கு வருகிறேன். கூடத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்த வளர்மதி நேரே போய்க் காரில் ஏறிக்கொண்டாள். பாதி வழியில் பின் சீட்டிலிருந்து ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தாள்.

"அப்பா, அந்தப் பெரிய பாராசூட்டில் கீழ் ஓரத்தில் ஒரு இடம், கயிறு சேருகிற இடம், அந்துடுச்சி."

காரை ஓரமாக நிறுத்தினேன். மெதுவாகக் கேட்டேன். துணியின் கீழ் விளிம்பு அவள் முகத்துக்கு நேரே தொங்கியிருக்கிறது. கூட்டிப் போனவர் தொடக்கூடாது, பேசக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருக்கிறார். அதனால் பேசவில்லை. கயிற்றைத் துணியோடு பிணைக்கிற தையலில் ஒரு கை அகலத்துக்கு நூல் அறுந்து, முனைகள் தொங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். பக்கத்தில் ஒரு இரும்புக் கொக்கி இருந்ததாகவும் சொன்னாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. பாராசூட்டைச் சோதித்து முடித்துச் சரியென்று முத்திரை குத்தியாயிற்று. அதற்குப் பிறகு வேடிக்கைக்காகக் கூரையில் ஏற்றும்போது கொக்கியில் மாட்டியிருக்கிறது. சோதனை முடிந்த பொருளை இனி யாரும் சோதிக்க மாட்டார்கள். இறக்கி, அப்படியே மடித்துக் கட்டிவிடுவார்கள். திருவிழாவுக்குத் தோரணம் கட்டுகிற மாதிரி கட்டித் தொங்கவிட்டு, அதையே கொண்டுபோய்க் கனத்தைத் தாங்கு என்று மேலிருந்து வீசுவார்களாம்!

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக என் மேலதிகாரி டேவிடம் போனேன். டேவ் நல்ல மனிதர். என் பெயரை ஒழுங்காகச் சொல்ல ஒரு வருடம் முயன்று தோற்றவர். எந்த இடம், எந்தக் கயிறு என்று சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. தையலுக்காக வெளுத்தது என்று நினைத்தேன்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"என் மகள் பார்த்தாள்."

"உன்னிடம் அவள் சொன்னாளா?"

"பின்னே யாரிடம் சொல்வாள்? முதலில் யாரையாவது அனுப்பிப் பாருங்கள், டேவ்."

"குப்பு, உட்கார்" என்றார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

பாராசூட்டைப் பார்க்க ஆள் போகவில்லை. பாதுகாப்பு அதிகாரிக்குப் போன் போனது. கூடத்துக்குள் இருக்கிற பொருளைப் பற்றி, கூடத்துக்குள் போக அனுமதியில்லாத அயல்நாட்டான் ஒருவனுக்குத் தகவல் போயிருக்கிறது. அதுதான் அவர்களுக்கு விபத்து. அறுந்த தையல் அவர்கள் கண்ணில் ஏறவே இல்லை. அன்று முழுக்க என்னைக் கேட்டார்கள். மகளை ஏதாவது பார்த்துவரச் சொன்னாயா? வேறு என்ன சொன்னாள்? ஊரில் யாருக்காவது எழுதினாயா? நான் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். தையலைப் பாருங்கள். என்மேல் வழக்குப் போடுங்கள், ஆனால் முதலில் தையலைப் பாருங்கள். கடைசியில் கத்தினேன். இந்த நாட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கத்தினேன். கத்தும்போது ஆங்கிலம் பாதியில் நின்றுவிட்டது, மீதியைத் தமிழில் கத்தினேன்.

5

மறுநாள் சாயங்காலம் வளர்மதியைப் பார்க்க அந்த அதிகாரி எங்கள் வீட்டுக்கே வந்தார். சோபாவில் உட்கார்ந்து அவளிடம் மிகவும் இனிமையாகப் பேசினார். நீ பார்த்ததை யாரிடமெல்லாம் சொன்னாய், ஏன் சொன்னாய் என்று கேட்டார். அவளுக்குப் பதினொரு வயது. அவர் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"அப்பா, உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?"

"அதெல்லாம் மாட்டார்கள்."

"நான் பேசாமல் இருந்திருக்கணும்" என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். எந்த மொழியில் சொன்னாலும் அது சுடத்தான் சுட்டிருக்கும்.

வேலை போகும் என்ற பயம் எனக்கு இருந்தது. இல்லை என்றால் பொய். ஆனால் அதைவிடப் பெரிய பயம் அந்த வாரம் வந்தது. ஒரு நாள் நான் வீட்டுக்குள் நுழையும்போது அடுப்பங்கரையெல்லாம் கருகல் வாசனை. சரோஜா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பால் பொங்கி வழிஞ்சி அடுப்பே அணைஞ்சிடுச்சிங்க. நான் மாடியில இருந்தேன். இவ பக்கத்துலயே நின்னுகினு பாத்துகினு இருந்தா. ஒரு சத்தம் குடுக்கல."

"ஏம்மா சொல்லவில்லை?" என்று வளர்மதியைக் கேட்டேன்.

"சொல்லலாமா என்று தெரியவில்லை" என்றாள்.

என்னை வாசலில் நிறுத்தினார்கள், பொறுத்துக்கொண்டேன். என் அப்பா பெயரைக் குதறினார்கள், பொறுத்துக்கொண்டேன். கண்ணெதிரே பால் பொங்கினால்கூட அனுமதி கேட்க வேண்டும் என்று என் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்களே, இதை எப்படிப் பொறுப்பது? இட்லி தின்னாவிட்டால் போகிறது. தமிழ் பேசாவிட்டாலும், வருத்தம்தான், போகிறது. வாயை மூடிக்கொண்டு நிற்கிற பெண்ணாக அவள் ஆகிவிட்டால் நான் எதற்காகப் பாடுபடுகிறேன்?

அந்த வாரக் கடைசியில் டேவ் கார் நிறுத்துமிடத்தில் என்னைப் பிடித்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பார்த்தோம். அவள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. பிரித்துத் தைத்துவிட்டோம். நான் உன்னிடம் எதுவும் சொல்லவில்லை" என்றார்.

"அறிக்கையில் என்ன எழுதினீர்கள்?"

"வழக்கமான சோதனையில் தெரியவந்தது என்று" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார்.

சோதனை சில நாள் தள்ளி நடந்தது. பாராசூட் விரிந்ததாம், ஒரு தையல்கூட விடவில்லையாம், அத்தனை கனமும் பூப்போல இறங்கியதாம். எனக்குச் சொன்னார்கள். செய்தி வந்ததும் கூடத்தில் எழுந்த கைதட்டலும் கேட்டது, நான் அடுத்த கட்டடத்தில் இருந்தேன்.

6

எல்லாம் முடிந்த பிறகு பாதுகாப்பு அதிகாரி என்னையும் வளர்மதியையும் தம் அறைக்கு அழைத்தார். விசாரணை ஃபைலை மூட வேண்டுமாம். அவளுக்கு ஆரஞ்சுச் சாறு வைத்திருந்தார். எனக்கு நாற்காலி மட்டும்.

என்மேல் நடவடிக்கை எதுவும் இல்லை, எச்சரிக்கை மட்டும்தான் என்றார். வேலை தப்பியது. பிறகு அவளைக் காட்டிச் சொன்னார்.

"இவளுக்கும் புரிய வேண்டும். இனிமேல் இந்தக் கட்டடத்தில் எதைப் பார்த்தாலும், அதைப் பற்றித் தகப்பனாரிடமோ வேறு யாரிடமோ பேசக்கூடாது. நீங்களே என் முன்னால் இவளிடம் சொல்லுங்கள். உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள், அப்போதுதான் நன்றாகப் பதியும்."

பிறந்ததிலிருந்து அவரைப் போலவே ஆங்கிலம் பேசுகிற பெண் அவள். ஆனாலும் என் முகத்தைப் பார்த்து அவளுக்கு வேறொரு மொழியைக் கொடுத்துவிட்டார். பாதுகாப்பு அதிகாரி ஒருவர் தமக்கு ஒரு எழுத்தும் புரியாத மொழியில் எச்சரிக்கை கொடுக்கச் சொல்கிறார். இப்படிப்பட்டவர்களிடம்தான் ரகசியங்களைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

வளர்மதி நிமிராமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டேன். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன். விரலை ஆட்டினேன். அவளுக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சேவூர்த் தமிழில் சொன்னேன்.

"இங்க பாரு வளரு. அன்னிக்கி நீ சொன்னது சரி. நூலு அந்துதான் இருந்திச்சி. நீ சொன்னதாலதான் தெச்சாங்க, எல்லாம் நல்லபடியா எறங்கிச்சி. இனிமே எங்க பாத்தாலும் சத்தம் போட்டு சொல்லு. யாரையும் கேக்க வாணாம். பெரியப்பா தெருவுல யாரையாச்சும் கேட்டியா? அதே மாதிரி. இந்தாளு கேட்டா மட்டும் தலையாட்டிடு."

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பெரியப்பா தெரு என்றதும் கண் அகன்றது. வாயோரம் துடித்தது. நான் இன்னும் கடுமையாக விரலை ஆட்டினேன்.

"புரிந்ததா?" என்று அதிகாரி அவளைக் கேட்டார்.

"புரிந்தது, சார்" என்றாள், நிமிர்ந்து.

அவருக்குத் திருப்தி. ஃபைலை மூடினார். எழுந்து என் கையைக் குலுக்கினார். கதவுவரை வந்து வழியனுப்பினார். வாசலைத் தாண்டப் போன வளர்மதி சட்டென்று நின்று திரும்பி, அவர் கோட்டைச் சுட்டிக் காட்டி அந்தத் தாழ்வாரமே அதிரக் கத்தினாள்.

"அந்துடுச்சி!"

அவர் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தார். கோட்டின் நடுப் பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அது விழுவதற்குள் கையில் பிடித்துக்கொண்டார். யார் சொல்லச் சொன்னது, எதற்காகப் பார்த்தாய் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்கு மட்டும் நன்றி சொன்னார்.